மீந்த சோற்றுக்கு அடுத்த வேளை

உலகில் வீணாகும் உணவில் பெரும்பகுதி கல்யாண மண்டபத்திலோ ஓட்டலிலோ வீணாவதில்லை. வீட்டு அடுக்களையில்தான் வீணாகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலிருந்தும் குப்பைக்குப் போன உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 63 கோடி டன் வீடுகளின் பங்கு. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 600 கிராம் என்று வருகிறது. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம். எனவே அத்தனையும் தின்னக்கூடிய சோறு அல்ல. ஆனால் சமைத்த உணவு கொஞ்சமே வீணானாலும் அதன் விலை கூடுதல். நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரோடு அடுப்பில் எரிந்த எரிவாயுவும் சமைத்தவரின் நேரமும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

குப்பைக்குப் போனபின் கதை முடிந்துவிடுவதுமில்லை. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை மேடுகளின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் ஈரக்கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது அது, எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட.

மீந்ததை என்ன செய்வது என்ற கேள்வி பழைய தமிழ் அடுக்களையில் பெரும்பாலும் எழவேயில்லை. இரவில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவார்கள். காலையில் அது பழைய சோறு. யாரும் யோசித்து முடிவெடுத்ததல்ல, வழி ஏற்கெனவே போட்டிருந்தது. வயலுக்குப் போகிறவரின் காலை ஆகாரம் முந்தின இரவின் உலையிலேயே சேர்ந்து வெந்தது. அதனால் அதை மிச்சம் என்று சொல்வதுகூட முழுக்கப் பொருந்தாது. காலைக்கென்று ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவதும் வழக்கம்தான். யாழ்ப்பாணத்தில் பழஞ்சோற்றோடு முந்தின நாள் கறிகளையும் சேர்த்துக் குழைத்து, உருண்டை பிடித்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பார்கள். சோறு, கறி இரண்டின் மிச்சமும் ஒரே வேளையில் தீர்ந்துவிடும்.

பழைய சோறு கெடாமலிருப்பதற்குக் காரணம் அது ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருப்பதுதான். சோறு தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் அதே கூட்டம். அவை உண்டாக்கும் அமிலத்தால் நீராகாரத்துக்கு மெல்லிய புளிப்பு வருகிறது. தீங்கு செய்யும் பல நுண்ணுயிர்களுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்வதில்லை. மண்பானையின் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருப்பது குளிர்ச்சியாக இருக்கிறது. புழுங்கலரிசிச் சோறு இதற்கு ஏற்றது. பச்சரிசி சீக்கிரம் குழைந்துவிடும். சோறு ஆறியபின் நல்ல குடிநீரை மூழ்கும்படி ஊற்றி, ஈரக்கையோ எச்சில் கரண்டியோ படாமல் மூடிவைத்து, மறுநாள் காலையில் தீர்த்துவிட வேண்டும். கொழகொழத்து நூல்விட்டால் ஊசிப்போயிற்று என்று பொருள். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து அதைக் காப்பாற்றிவிட முடியாது.

குழம்புக்கும் இப்படி ஒரு வழி இருந்தது. தை பிறந்ததும் தென்மாவட்ட வீடுகளில் பொங்கலன்று மீந்த குழம்பையும் காய்கறிகளையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைப்பார்கள். பழங்கறி, சுண்டக்கறி என்று ஊருக்கொரு பெயர். புளியும் உப்பும் காரமும் ஏறி, நீர் வற்றி, அடுத்த நாள் முதல் நாளைவிட ருசியாக இருக்கும். வேறு சில வீடுகளில் அதுவே எரிச்ச குழம்பு. நீர் குறைந்து புளிப்பு கூடுவதுதான் இதன் காப்பு. தேங்காய் அரைத்துவிட்ட குழம்புக்கும் பருப்பு தூக்கலான சாம்பாருக்கும் இந்தக் காப்பு கிடையாது. தமிழ்நாட்டு வெயிலில் அவை மாலைக்குள்ளேயே வாசனை மாறிவிடும்.

முந்தின நாள் சமைத்த கறியை விலக்கச் சொல்லும் ஒரு பாடலும் தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ மரபில் உண்டு. பழையதைக் காலை உணவாக்கிய அதே மண்ணில் இப்படியும் ஒரு விதி இருப்பது முரண்போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. புளிக்க வைத்தோ சுண்ட வைத்தோ உருமாற்றிய மிச்சம் வேறு. அடுப்பங்கரையில் அப்படியே கிடந்த மிச்சம் வேறு.

இந்தப் பழைய ஏற்பாட்டைக் குலைத்தது குளிர்பதனப் பெட்டி. பிரிட்ஜ் உணவு கெடுவதைத் தள்ளிப்போடுகிறது. கூடவே, அதை என்ன செய்வது என்ற முடிவையும் தள்ளிப்போட வைக்கிறது. கிண்ணத்தில் அரைக் கரண்டி கூட்டு உள்ளே போகிறது. அதன்மேல் மறுநாள் ரசம், அதன் முன்னால் மாவுப் பாத்திரம். நான்காம் நாள் கண்ணில் படும்போது அதைக் கொட்டுவதில் யாருக்கும் வருத்தம்கூட இருக்காது. சமையல் குறிப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. மீந்ததற்கு அடுத்த வேளை எது என்று உள்ளே வைக்கும்போதே தீர்மானிக்காததுதான் குறை. பிரிட்ஜின் முன்வரிசையில் கண்ணெதிரே ஒரு தட்டை மீந்தவற்றுக்கென்றே ஒதுக்குவதும், உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பாத்திரங்களில் வைப்பதும், காலையில் புதிதாக எதையும் நறுக்கும் முன் அந்தத் தட்டைப் பார்ப்பதும் சிறிய பழக்கங்கள். ஆனால் நூறு சமையல் குறிப்புகளைவிட இவற்றால் பலன் அதிகம்.

மிச்சத்தைக் காப்பாற்றும் ஆர்வத்தில் மறக்கக்கூடாத எல்லை ஒன்று உண்டு. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் இடம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்றும், குளிர்பதனப் பெட்டியிலும் மூன்று நாளைத் தாண்ட விட வேண்டாம் என்றும், ஒரு முறைக்கு மேல் மறுபடி சூடாக்க வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்காமல் அப்படியே கிடக்கும் சோற்றுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சொன்றைச் சுரக்கின்றன. அந்த நச்சு வெப்பத்துக்கு மசியாது. மத்தியானச் சோற்றை மாலை வரை மேடையில் விட்டுவிட்டு, இரவு நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது. குக்கரோடு அப்படியே மூடி வைப்பதைவிட, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைப்பது நல்லது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதும் முழு உண்மையல்ல. நச்சு கலந்த சோறு வாசனையில் ஒன்றும் காட்டிக்கொடுக்காமல் இருக்கக்கூடும்.

பிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. வெந்தபோது நீரை உறிஞ்சி நெகிழ்ந்த மாவுச்சத்து, குளிரில் மறுபடி இறுகிக்கொள்கிறது; அவ்வளவுதான். தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்தால் பழைய மென்மை பெருமளவு திரும்பிவிடும். இறுகிய சோற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு: பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாது. எலுமிச்சை சாதம், புளியோதரை, வறுத்த சோறு எல்லாம் சுடச்சுட வடித்த சோற்றைவிட ஆறின சோற்றில்தான் உதிரியாக வரும். மீந்த இட்லியின் சங்கதியும் இதேதான். சூடான இட்லியை உதிர்த்தால் களியாகும். குளிரில் இருந்ததை உதிர்த்தால் ரவைபோல் விழும். கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் இட்லி உப்புமா. சப்பாத்தி மீந்தால் கீற்றாகக் கிழித்து, முட்டையோ காயோ சேர்த்துக் கொத்திவிடலாம்.

வெயில் காலத்தில் சோறு நிறைய மீந்தால் அது வடகமாகவும் மாறும். பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, துணியில் கிள்ளி வைத்து, சலசலவென்று ஆகும்வரை காயவிட வேண்டும். ஈரம் முழுக்கப் போனதால் நுண்ணுயிர்களுக்கு அதில் வேலையில்லை. டப்பாவில் போட்டால் மழைக்காலம் வரை கிடக்கும். அடுக்குமாடி வீட்டில் மொட்டைமாடி கிடைக்காதவருக்கு இந்த யோசனை எட்டாக்கனிதான்.

புளித்துப்போனதை எல்லாம் கெட்டுப்போனது என்று எண்ணுவதாலும் நிறைய வீணாகிறது. இட்லிக்கு ஆகாத புளித்த மாவில் கொஞ்சம் அரிசி மாவோ ரவையோ கலந்தால் ஊத்தப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும் அதுதான் பதம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு, ரவா தோசை, மோர்க்களி. இவை புளித்த மோரில்லாமல் எடுபடவே செய்யாது. காய்ச்சும்போது திரிந்துவிட்ட பாலில் நாற்றமில்லை என்றால் வடிகட்டிப் பனீராக்கலாம். மாவில் கறுப்பு, பச்சை, ஆரஞ்சு நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தால் மட்டும் மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் அதற்குள் ஆழமாக ஓடியிருக்கும்.

சமைப்பதற்கு முன்பே தொட்டியில் விழுபவை இன்னொரு பக்கம். பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாயோடு வதக்கி அரைத்தால் துவையல்; வாழைக்காய்த் தோலுக்கும் சௌசௌ தோலுக்கும் அதே கைப்பக்குவம். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். கொத்தமல்லித் தண்டின் மணம் ரசத்துக்குப் போகும், முள்ளங்கி இலை கீரையாகும், பலாக்கொட்டை குழம்புக்குப் போகும். பூச்சிமருந்து அடித்த காய்களின் தோல் என்பதால் உப்பு நீரில் ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது அவசியம்.

எல்லாவற்றையும் மிச்சப்படுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. மீன், தேங்காய்ச் சட்னி, வெளியில் கிடந்த முட்டைக் குழம்பு இவற்றில் பிடிவாதம் ஆபத்து. கைக்குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்பு குன்றியவர் ஆகியோருக்குப் பழையவற்றைத் தராமலிருப்பதே மேல். மீந்ததைத் தீர்ப்பது யார் என்பதும் பேசப்பட வேண்டிய விஷயம். பல வீடுகளில் மற்றவர்களுக்குச் சூடான தோசையும், சமைத்தவருக்கு நேற்றைய சாம்பாருமாக அது நடக்கிறது. உணவை வீணாக்காத குடும்பம் என்ற பெயர் ஒருத்தியின் தட்டிலிருந்து வருமானால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உருமாற்றிச் சமைத்து எல்லோருக்கும் பரிமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதமே குறைய வேண்டுமானால் வேலை உலையில் தொடங்குகிறது. திடீரென்று யாராவது வந்தால் என்ற நினைப்பில் ஒரு ஆழாக்கு கூடப் போடும் பழக்கம், ஆள் வரவு அதிகமிருந்த வீடுகளில் உருவானது. மூன்று பேர் வசிக்கும் வீட்டில் விருந்தாளி கைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வருகிறார். அவலும் ரவையும் இருக்கிற வீட்டில் பத்து நிமிடத்தில் ஏதாவது செய்துவிடலாம். தினமும் கூடுதலாக வடிக்கத் தேவையில்லை. ஒரு வாரம் என்ன மீந்தது என்று நாட்காட்டியில் குறித்தாலே எந்தக் கிழமை எது அதிகமாகிறது என்று தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு தின்ன முடியாதது கொஞ்சம் இருக்கும். அதை மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கழுநீரோடு நாலு காய்த் தோல் போனால் தொல்லையில்லை. பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் மறுநாள் சோற்றையும் பொங்கலையும் குவியலாகக் கொட்டுவது மாட்டைக் கொல்லவும் கூடும். வெந்த மாவுச்சத்து அதன் முதல் இரைப்பையில் மிக வேகமாகப் புளித்து அமிலம் பெருகுவதால் வயிறு உப்பும், அசைபோடுவது நின்றுபோகும். வீட்டு மட்குத் தொட்டி இதைவிட நல்ல இடம். சமைத்த மிச்சத்தில் ஈரம் அதிகம் என்பதால், அதைப்போல் இரண்டு பங்கு காய்ந்த சருகோ தேங்காய் நாரோ போட்டு மூட வேண்டும். எண்ணெயும் அசைவமும் கலந்ததை மட்டும் அதில் சேர்க்காமல், மாநகராட்சி வண்டியின் ஈரக்கழிவுத் தொட்டிக்கு அனுப்பிவிடலாம்.