ஆலையே அலங்கரித்த மோட்டார் சைக்கிள்



மோட்டார் சைக்கிள் கடையில் ஒரே வண்டி இரண்டு உருவத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சாதாரண வண்டி. பக்கத்தில் நிற்பது ‘ஸ்பெஷல்’. சாயம் வேறு, இருக்கை வேறு, விலையும் கூடுதல். வீட்டுப் பிள்ளை இரண்டாவதைத்தான் கேட்பான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் வண்டியின் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று தகப்பனாருக்குச் சொல்வார் இல்லை. அதை இன்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது நம் தோட்டத்துக் கப்சாய் அன்று. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்ற யமாஹா எக்ஸ்.எஸ். 650 ஸ்பெஷல். 1978-ஆம் ஆண்டு வண்டி. அந்த ஆண்டு அமெரிக்கக் கடைகளில் சாதாரண 650-யும் ஸ்பெஷலும் சேர்ந்தே விற்றன. ஆகவே இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது சுலபம். இரண்டும் காற்றுத்தடுப்பு மூடி இல்லாமல் எஞ்சின் வெளியே தெரியும் வண்டிகள். இவ்வகையை இப்போது ‘நேக்கட்’ என்கிறார்கள். அக்காலத்தில் அநேகமாக எல்லா வண்டியும் அப்படித்தான் இருந்தது. தனிப்பெயர் வைக்க அவசியமே இருக்கவில்லை.

ஆலைக்காரர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க இளைஞர்களிடமிருந்து. புது வண்டியை வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், வெட்டி ஒட்டி, ஹேண்டலை உயர்த்தி, முன் போர்க்கை நீட்டித் தம் இஷ்டப்படி ஆக்கிக்கொண்டார்கள். 1969-ல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்ற படம் அந்த மோகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. ‘நம் வண்டியை வாங்கிவிட்டு, மேல் செலவை வேறொருவர் பட்டறையில் செய்கிறார்களே, அந்தப் பணமும் நம்மிடமே வரட்டும்’ என்று ஆலைகள் கணக்குப் போட்டன. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தில், நிறுவியவர்களுள் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன், பெரிய வண்டியின் எஞ்சினோடும் சட்டத்தோடும் சிறிய வண்டியின் இலேசான முன்பாகத்தைச் சேர்த்தார். அதுவே 1971-ன் சூப்பர் கிளைட். அதில் படகின் பின்பக்கம் போல ஓர் இருக்கை வைத்திருந்தார்கள். அது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1976-ல் கவாசாக்கி, தன் 900 வண்டிக்கு ‘எல்.டி.டி.’ என்ற அலங்கார உருவம் கொடுத்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து ஆலையிலேயே பூட்டியது. அதன்பின் யமாஹா வந்தது.

எக்ஸ்.எஸ். 650-இன் எஞ்சின் அப்போதே பழையது. யமாஹா விற்ற முதல் போர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளான எக்ஸ்.எஸ்.-1-இன் எஞ்சின் அது. 1970 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 653 சி.சி. கொள்ளளவு, பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உலக்கை போட்டால் தரை எப்படி அதிரும்? அந்த அதிர்வு இந்த வண்டியின் பிறவிக்குணம்.

இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு யமாஹா மாற்றியது என்ன? கூரையிலிருந்து சொட்டும் நீர்த்துளி போன்ற வடிவில் சிறிய டாங்கி. முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இரண்டு படியாக இருக்கை. ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் உயரமான ஹேண்டல். பின்னால் 18 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 16 அங்குல ரிம், அதன்மேல் பருத்த டயர். எஞ்சினும் கியரும் அதேதான். ஸ்பெஷலில் ஏறியவருக்கும் அதிர்வு அதே அதிர்வுதான்.

ரிம் சிறிதானதும் சக்கரமே சிறிதாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். காகிதமும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். சாதாரண வண்டியில் 18 அங்குல ரிம், ஏறக்குறைய 4 அங்குல உயரமுள்ள டயர். மேலே 4, கீழே 4. மொத்தம் 26 அங்குலம். ஸ்பெஷலின் டயரில் 130/90 என்று எழுதியிருக்கும். அகலம் 130 மில்லிமீட்டர், உயரம் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது 117 மில்லிமீட்டர், சுமார் 4.6 அங்குலம். 16-உடன் இரண்டு 4.6-ஐக் கூட்டினால் 25.2. இரண்டு சக்கரத்துக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம்கூட இல்லை! கண்ணுக்குத் தாழ்ந்து பருத்துத் தெரிகிறது. தரையில் உருளும் தூரம் ஏறக்குறைய அதேதான். இதைப் போட்ட பொறியியல் வல்லுநரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் இலவசமாக எதுவும் வரவில்லை. டாங்கி சிறிதானதால் அடிக்கடி எண்ணெய் ஊற்ற வேண்டும். ஹேண்டல் உயர்ந்ததால் ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காருகிறார். பட்டணத்தில் அது சுகம், நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று முழுவதும் அவர் நெஞ்சில் மோதும். நான் கேட்டால், தினமும் நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவருக்குச் சாதாரண வண்டியே மேல் என்பேன். இளைஞர்கள் ஒப்பமாட்டார்கள்.

ஆலை செய்ததில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. ஹேண்டலை உயர்த்தினால் கிளட்ச் கம்பி, எண்ணெய் முறுக்குக் கம்பி, பிரேக் குழாய் எல்லாவற்றின் நீளத்தையும் மாற்ற வேண்டும். ஆலை அதைக் கணக்கிட்டுச் செய்கிறது. லயத்து வாசலில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஹேண்டலை மட்டும் மாற்றும் நம் பையன்கள் பழைய கம்பியையே இழுத்து மாட்டுகிறார்கள். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் ஹேண்டலை முழுக்கத் திருப்பும்போது கம்பி இழுபட்டு, கையால் முறுக்காமலே எஞ்சின் சீறும். செம்மண் பாதையில் வளைவில் வண்டி தானே பாய்ந்தால் என்ன ஆகும்? பெற்றோர்களே, ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் அந்த வண்டியைச் சாலைக்கு விடாதீர்கள். இன்னொன்று: நம் நாட்டில் பதிவு செய்த வண்டியின் எஞ்சினையோ உடலமைப்பையோ மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்.

பணத்துக்கு வருவோம். புது எஞ்சின் ஒன்றை உருவாக்க ஆலைக்குப் பல ஆண்டும் பெருந்தொகையும் ஆகும். இருக்கை, டாங்கி, ஹேண்டல், சாயம் ஆகியவற்றை மாற்ற அவ்வளவு ஆகாது. ஆகவே ஸ்பெஷலுக்குக் கூடுதல் விலை கேட்டால், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எஞ்சினில் மாற்றம் உண்டா? பிரேக்கில் உண்டா? இந்த டாங்கியும் இருக்கையும் பழுதானால் மாற்றுச் சாமான் கிடைக்குமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் நீங்கள் வாங்குவது அழகு மட்டும். அழகுக்குக் காசு கொடுப்பது குற்றமன்று. தீபாவளிக்குச் சரிகை வேட்டி எடுப்பதில்லையா? ஆனால் தவணையில் எடுத்தால் அந்த அழகுக்கும் வட்டி உண்டு. கூடுதல் விலை 500 வெள்ளி, அதற்கு மூன்று ஆண்டு வட்டி 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 16 வெள்ளி 67 காசு. கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி உங்களுக்குச் சொந்தமும் அன்று. ரொக்க விலை, வட்டி, மாதத் தவணை மூன்றையும் எழுத்தில் வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பம் இடுங்கள்.

எக்ஸ்.எஸ். 650 ஸ்பெஷல் 1983-ஆம் ஆண்டு உருவத்தோடு அமெரிக்கக் கடைகளைவிட்டுப் போயிற்று. அந்த உறுதியான பழைய எஞ்சின் மட்டும் போகவில்லை. பின்னாளில் அந்நாட்டு இளைஞர்கள் மலிவு விலையில் கிடைத்த ஸ்பெஷல்களைத் தேடி வாங்கினார்கள். ஆலை அத்தனை கணக்குப் போட்டு வைத்த படி இருக்கையையும் வளைந்த ஹேண்டலையும் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, தங்கள் விருப்பப்படி மறுபடியும் வெட்டத் தொடங்கினார்கள்.