மெலிந்த குரலும் ஒலிபெருக்கியும்

கல்பிட்டிக் குடாநாட்டின் கரையோர ஊர்களில் செய்தி முதலில் காதுக்குத்தான் வரும். குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊரில் ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டால், வாடியில் மீன் கொட்டிக்கொண்டிருப்பவரும் வெங்காயத் தோட்டத்தில் நிற்பவரும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு, யார் வீட்டுப் பெயர் என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். பயப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் வடக்கிலிருந்து வந்து இந்தக் குடாநாட்டில் குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்களுக்கு ஒலிபெருக்கி என்றால் வேறொரு ஞாபகமும் உண்டு.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் தெருக்களில் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு வந்தன. எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். அங்கே கூடியவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே செய்தி: இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுங்கள். காரணம் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. மன்னார்த் தீவிலும் அதே மாதம் அறிவித்தல் வந்தது. அங்கிருந்தவர்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து படகேறி கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். விரட்டிய குரல் பேசியது நல்ல தமிழ். கேட்டவர்களின் தாய்மொழியும் அதுவே.

அதற்குப் பதினான்கு வருடம் முன்பு, இதே புத்தளம் மாவட்டத்து மக்களுக்காக இன்னொரு தமிழ்க் குரல் எழுந்தது. எழுந்தது என்று சொல்வதுகூட அதிகம். பக்கத்தில் இருப்பவருக்கே சிரமப்பட்டுத்தான் கேட்கும். 1976 பெப்ரவரித் தொடக்கத்தில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பில் தேசிய அரசுப் பேரவை கூடியபோது ஆளுங்கட்சி முஸ்லிம் உறுப்பினர்கள் வாய் திறக்கவில்லை என்ற மனக்குறை புத்தளத்தில் இன்னும் ஆறவில்லை. அந்தச் சபையில் இதை எடுத்துப் பேசியவர் காங்கேசன்துறை உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். கிறிஸ்தவர், வடக்குத் தொகுதியின் பிரதிநிதி. புத்தளத்தில் அவருக்கு ஒரு வாக்கும் கிடையாது. வயது எழுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பார்கின்சன் நோய் உடலையும் குரலையும் தளர்த்தியிருந்தது, காதும் மந்தம்.

மேடைப் பேச்சு என்றால் நமக்குத் தனி மயக்கம். அடுக்குமொழி, எதுகை, இடையில் ஒரு நிறுத்தம், பிறகு கைதட்டல். அதை நான் குறைசொல்ல வரவில்லை. நல்ல பேச்சைக் கேட்க இரவெல்லாம் கச்சான் கொறித்தபடி மணலில் குந்தியிருந்தவர்கள்தான் நாங்களும். ஆனால் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி மேடைகளில் அந்தக் கலையில் கெட்டிக்காரர்கள் அமிர்தலிங்கமும் மற்றவர்களும். செல்வநாயகம் சிவில் வழக்கறிஞர். வழக்குக் கட்டை எடுத்துவைப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார், அவ்வளவுதான். 1956 யூன் 5, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கிய நாளிலும் அவருடைய பலம் தொண்டையில் இருக்கவில்லை. தன் ஆட்கள் அல்லாதவர்களுக்காகப் பேசும்போது சத்தம் போடவேண்டிய தேவையே வராது என்பது என் எண்ணம். புத்தளத்துக்காக அவர் பேசியதை நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் முஸ்லிம் எழுத்தாளர்கள் நினைவுபடுத்துகிறார்கள். அன்று சபையில் உரத்துப் பேசிய எத்தனை பேரின் பேச்சு இப்படி நிற்கிறது?

அமெரிக்காவிலும் இதற்கொரு சாட்சி உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 வாஷிங்டன் உரை எல்லோரும் அறிந்தது. அடுத்த வருடம், 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன்னால் ஃபெனி லூ ஹேமர் பேசினார். மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் வேலைசெய்தவர். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர். சிறைக்குள் அடித்து நொறுக்கப்பட்டவர். தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லித் தொடங்கி, நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போனார். ஜனாதிபதி ஜோன்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி, நேரடி ஒளிபரப்பின் கமராவைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவே தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை நாடு முழுக்க ஒளிபரப்பின.

புத்தளத்திலும் அப்படிப் பேசினார்கள், கமரா வெளிச்சம் இல்லாமல். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை 2009இல் அமைத்த மக்கள் ஆணைக்குழுவின் முன் இடம்பெயர்ந்தவர்கள் சாட்சியம் சொன்னார்கள். ஊர், குடும்பம், விட்டுவந்த காணி, வழியில் கழற்றிக்கொடுத்த நகை. ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2002 ஏப்ரலில், கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் சார்பில் பேசிய அன்டன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் பிழை என்று ஒப்புக்கொண்டிருந்தார். நல்லதுதான். ஆனால் உலகத்துச் செய்தியாளர்கள் நிறைந்த மண்டபத்தில் சொன்ன அந்த வார்த்தையை, விரட்டப்பட்டவர்கள் ஓலைக்கொட்டிலில் இருக்கும்போது அவர்கள் முகம்பார்த்து வந்து சொல்லியிருக்கலாம்.

2018, 2019இல் கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மாவட்டத்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். முஸ்லிம், சிங்களவர், தமிழர் எல்லோரும் சேர்ந்துதான். எதிர்ப்புக் காலிமுகத்திடல்வரை போனது. அப்படியும் 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் அறுவைக்காட்டுக்குள் போயின. சபையில் புத்தளத்துக்காக எழுந்துநிற்க வேறு தொகுதிக்காரர் யாரும் இருந்தார்களா என்று அப்போது ஊரில் கேட்டார்கள். கேட்டவர்களில் பலர் 1976இன் பிறகு பிறந்தவர்கள்.