சக ஊழியரின் சிறப்புக்குச் சான்று பகர்வோம்

உடன் பணிபுரியும் ஒருவரிடம் திறமை இருக்கிறது. அயராத உழைப்பு இருக்கிறது. அவரால் பலர் பயன் அடைகின்றனர். இவற்றை அருகிருந்து அன்றாடம் காண்பவர்கள் நாம்தாம். ஆயினும், விருதுக்குரியோரின் பெயர்களை அனுப்புமாறு அறிவிப்பு வரும்போது நம்மில் எத்தனை பேர் அவருக்காகப் பேனாவை எடுக்கிறோம்? 'தகுதி இருந்தால் விருது தானே தேடி வரும்' என்று கூறி ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் தகுதி தானாகப் பேசுவதில்லை. அதற்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதே வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

1903ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசுக்கு ஹென்றி பெக்கரலையும் பியர் கியூரியையும் பரிந்துரைத்து, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் நால்வர் கடிதம் எழுதினர். கணவரோடு தோளோடு தோள் நின்று ஆராய்ந்த மேரி கியூரியின் பெயர் அதில் இல்லை! இதனை அறிந்த சுவீடன் நாட்டுக் கணித மேதை மிட்டாக் லெஃப்ளர், பியருக்குச் செய்தி அனுப்பினார். தம்மைப் பரிசுக்குக் கருதுவதாயின் மேரியையும் சேர்த்தே கருத வேண்டும் எனப் பியர் பதில் எழுதினார். ஆயினும் முறைப்படியான பரிந்துரை ஒன்று தேவைப்பட்டது. மேரியின் பெயர் ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டிருந்தது அப்போது கைகொடுத்தது. அவ்வாண்டின் பரிசில் மேரியும் பங்கு பெற்றார். அன்று அந்த ஒரு கடிதம் எழுதப்படாதிருந்தால்?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவரைப் பரிந்துரைத்தோருள் ரூதர்போர்டும் நீல்ஸ் போரும் அடங்குவர். ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றிருந்த அவர்கள், கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் அருமையை உணர்ந்து எழுதினர். பிறர் உயர்ந்தால் தம் புகழ் குன்றும் என அவர்கள் அஞ்சவில்லை.

பரிந்துரைத்தும் விருது கிட்டாவிடில் அது வீண் முயற்சியா? இல்லை. அணுப்பிளவு ஆராய்ச்சியில் பெரும்பங்கு கொண்ட லிசே மைட்னர் பல முறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அதனைப் பெறவில்லை. ஆனால் அவருடைய பெருமைக்கு அக்கடிதங்களே இன்று சான்றுகளாய் நிற்கின்றன. 109ஆம் தனிமம் 1997ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சரி, பரிந்துரைப்பவருக்குக் கிட்டும் பலன் யாது? நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர் யார் என்பது 50 ஆண்டுகள் வெளியிடப்படுவதில்லை. எனவே புகழை நாடி எவரும் அதனைச் செய்ய இயலாது. பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஒருவரின் பணியை எழுத்தில் வடிக்க முற்படும்போதுதான், பல ஆண்டுகள் உடனிருந்தும் நாம் கவனியாத அவருடைய சிறப்புகள் நமக்குத் தெரிகின்றன. உள்ளத்தின் மூலையில் பதுங்கியிருக்கும் பொறாமை கரைகிறது. 'நம் உழைப்பையும் ஒருவர் காண்கிறார்' என்ற நம்பிக்கை அலுவலகம் முழுவதும் பரவுகிறது. நற்பரிந்துரை செய்வோருக்கு அதன் பலனில் பங்கு உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் உணர்த்துவதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

எனினும் பரிந்துரை என்பது ஒரு சாட்சியம். அதில் பொய்யோ மிகையோ கலத்தல் ஆகாது. உறவும் நட்பும் அளவுகோல் ஆகக் கூடாது. வெற்றுப் புகழுரைகளை விடுத்து, செய்த பணி என்ன, எந்த ஆண்டில், எவருக்கு எவ்வளவு பயன் விளைந்தது என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பத்ம விருதுகளுக்குப் பொதுமக்களும் பெயர் அனுப்பலாம். அதற்கான குறிப்பு 800 சொற்களுக்குள் அமைதல் வேண்டும். ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எடுத்துரைக்க அது போதுமானது.

இரவெல்லாம் கண்விழிக்கும் செவிலியர், பின்தங்கிய மாணவனைக் கைதூக்கிவிடும் ஆசிரியர், பிழையின்றிக் கணக்கெழுதும் எழுத்தர் ஆகியோர் தமக்காகத் தாமே பேசமாட்டார்கள். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டுப் பாராட்டுவதற்கு முன்னரே, பணியில் இருக்கும் காலத்தில் அவர்களுக்காக ஒரு கடிதம் எழுதுவோமாக!