கப்பல் பெருசா, ஃபிட்டிங் பெருசா? ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளிப் போரில் ஜெயிப்பது எது?

2014 ஜனவரி 27. ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற நட்சத்திர மண்டலத்தில் ஒரு பெரிய கூட்டணி தன் ராணுவ தளத்தை வைத்திருந்தது. அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போய்விட்டது. உரிமை பறிபோனது, எதிரணி உள்ளே புகுந்தது. சுமார் 21 மணி நேரம் நடந்த சண்டையின் முடிவில் 75 ‘டைட்டன்’ கப்பல்கள் சுக்குநூறாகிக் கிடந்தன. ஆநிரை கவர்வதில் இருந்து மதில் முற்றுகை வரை போருக்குத் திணை வகுத்து வைத்திருக்கிறது நம்ம இலக்கணம். வாடகை கட்ட மறந்து தொடங்கிய போருக்கு மட்டும் அதில் திணை இல்லை!

இதெல்லாம் நடந்தது ‘ஈவ் ஆன்லைன்’ என்ற கம்ப்யூட்டர் கேமில். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003-ல் வெளியிட்டது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சும்மா கேம்தானே, இதில் என்ன இருக்கிறது?

இங்கே கப்பல் வெடித்தால் போனது போனதுதான். மற்ற கேம்கள் மாதிரி செத்ததும் அதே கப்பலோடு திரும்பி வர முடியாது. மறுபடி வாங்க வேண்டும், அல்லது கட்ட வேண்டும். காப்பீடு உண்டு. ஆனால் அது கப்பலின் உடலுக்கு மட்டும்தான். உள்ளே பொருத்திய கருவிகளுக்குக் கிடையாது. கேமுக்குள் புழங்கும் பணத்தின் பெயர் ‘ஐஎஸ்கே’. (ஐஸ்லாந்து நாட்டு நாணயத்தின் சுருக்கக் குறியீடும் இதேதான்!) நிஜப் பணம் கொடுத்து சந்தா டோக்கன் வாங்கி, அதை உள்ளே விற்று ஐஎஸ்கே ஆக்கலாம். அந்தக் கணக்கில்தான் பி-ஆர்5ஆர்பி சண்டையின் இழப்பு 3 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

அதனால்தான் கப்பலுக்குள் எதைப் பொருத்துவது என்ற கேள்விக்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஃபிட்டிங் என்றால் என்ன?

கப்பல் வாங்கும்போது வெறும் கூடுதான் கிடைக்கும். அதில் மேல், நடு, கீழ் என மூன்று வரிசை ஸ்லாட்கள். மேல் வரிசையில் பீரங்கி, ஏவுகணை. நடு வரிசையில் வேகக் கருவி, எதிரி ஓடாமல் பிடித்து வைக்கும் கருவி, ஷீல்டைக் கூட்டும் கருவி. கீழ் வரிசையில் ஆர்மர் தகடுகள், தாக்குதல் பலத்தைக் கூட்டும் கருவிகள். நினைத்ததை எல்லாம் மாட்டிவிடவும் முடியாது. ஒவ்வொரு கருவியும் கப்பலின் சிபியு, மின்சக்தி இரண்டிலும் ஒரு பங்கைத் தின்னும். இது போக கெப்பாசிட்டர் என்ற பேட்டரி ஒன்று இருக்கிறது. அது வற்றினால் சண்டை நடுவே பாதி கருவிகள் நின்றுவிடும்.

எதிரியின் அடி முதலில் ஷீல்டில் விழும். அது போனால் ஆர்மர், அதுவும் போனால் கப்பலின் உடல். ஷீல்டைப் பலமாக்குவதா, ஆர்மரைப் பலமாக்குவதா? ஃபிட்டிங்கின் முதல் முடிவு இதுதான். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே கப்பல், இரண்டு குணம்

‘ஹரிகேன்’ கப்பலை எடுத்துக்கொள்வோம். நடு வரிசையில் 4 ஸ்லாட், கீழ் வரிசையில் 6. எந்தப் பக்கமும் போகலாம் என்கிற கப்பல் இது.

முதல் ஆள் ஷீல்டைத் தேர்வு செய்கிறார். நடு வரிசையில் இரண்டு ஷீல்ட் எக்ஸ்டெண்டர், ஒரு வேகக் கருவி என்று மாட்டியதுமே இடம் ஏறக்குறைய காலி. ஆனால் கீழே 6 ஸ்லாட் சும்மா கிடக்கிறதே! அதில் பீரங்கியின் பலத்தையும் குறியையும் கூட்டும் கருவிகளை அடுக்கிவிடலாம். அடி பலமாக விழும், கப்பலும் சிட்டாகப் பறக்கும். விலை என்ன? ஷீல்ட் எக்ஸ்டெண்டர் மாட்ட மாட்ட எதிரியின் ரேடாரில் கப்பல் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிந்தால் பெரிய பீரங்கிகளின் அடி சரியாக வந்து விழும்.

இரண்டாவது ஆள் கீழ் வரிசையில் 1600 மி.மீ. ஆர்மர் தகடும் அதைக் காக்கும் கருவிகளும் மாட்டுகிறார். இப்போது தாக்குதல் கருவிகளுக்கு இடம் குறைவு. தகட்டின் எடையால் கப்பல் ஆடி அசைந்துதான் போகும். ஆனால் நடு வரிசை முழுக்க கையில் இருக்கிறது. எதிரியின் வேகத்தைக் குறைக்கும் ‘வெப்’, தப்பி ஓட விடாத ‘ஸ்க்ராம்ப்ளர்’, கெப்பாசிட்டரை நிரப்பும் கருவி என எல்லாம் போடலாம். மாட்டினவன் மாட்டினவன்தான்.

இரண்டையும் கணினியில் போட்டுப் பார்த்தால் முதல் கப்பலின் தாக்குதல் எண் பெரிதாகத் தெரியும். புதுசாக வருகிறவர்கள் ஏமாறுவது அந்த எண்ணில்தான். எவ்வளவு தூரத்தில் இருந்து, எவ்வளவு வேகமாக நகரும் இலக்கின் மேல் அந்த அடி விழும் என்று அந்த எண் சொல்லாது. பக்கத்தில் சுற்றி வரும் குட்டிக் கப்பலைப் பெரிய பீரங்கியால் திரும்பிக் குறி பார்க்கவே முடியாது. எதிரியின் அடி எந்த வகை என்பதும் கணக்கு. சாதாரண ஷீல்டுக்கு மின்காந்த அடி ஆகாது, ஆர்மருக்கு வெடி அடி ஆகாது.

அப்போ எது பெஸ்ட்? தனியாகத் திரிந்து அடித்துவிட்டு ஓடுவதற்கு என்றால் என் ஓட்டு ஷீல்ட் ஹரிகேனுக்குத்தான். படையோடு போவதென்றால் கேள்வியே மாறிவிடும்.

படையில் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒரு படையில் அதிகபட்சம் 256 பேர். அதில் சிலர் சண்டையே போட மாட்டார்கள். ‘லாஜிஸ்டிக்ஸ்’ கப்பலில் உட்கார்ந்து, அடி வாங்கும் கப்பல்களைத் தூரத்தில் இருந்தே பழுது பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ‘கார்டியன்’ என்ற கப்பல் ஆர்மரை மட்டும் சரிசெய்யும். ‘பாசிலிஸ்க்’ ஷீல்டை மட்டும் சரிசெய்யும்.

இப்போது கார்டியன்கள் நிற்கும் ஆர்மர் படைக்குள் நம்ம ஷீல்ட் ஹரிகேன் ஒன்று வந்து சேர்கிறது என்று வையுங்கள். அதன் ஷீல்டை நிரப்ப அங்கே ஆளே இல்லை. ஆர்மரோ அப்பளம். ஷீல்ட் தீர்ந்து, கார்டியனின் ஒரு சுற்று பழுதுபார்ப்பு முடிவதற்குள் கப்பல் வெடித்துவிடும். ஏனென்றால் ஆர்மர் பழுது ஒவ்வொரு சுற்றின் முடிவில்தான் வந்து சேரும். ஷீல்டுக்கு அது சுற்றின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். அந்த சில நொடியில்தான் உயிர் இருக்கிறது. வேகமும் ஒத்துவராது. மற்றவர்கள் ஆமை மாதிரி வர, இவர் மட்டும் முன்னால் போய்த் தனியாக நிற்பார். தனியாக நிற்பவரைத்தான் எதிரித் தளபதி முதலில் கைகாட்டுவார்.

அதனால் பெரிய கூட்டணிகள் ‘டாக்ட்ரின்’ என்று ஒன்றை வகுத்து, இந்தக் கப்பல், இந்த ஃபிட்டிங் என்று பட்டியல் போட்டுவிடுகின்றன. பல கூட்டணிகளில், பட்டியல்படி வந்து கப்பலை இழந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். சொந்த புத்தியில் மாற்றி மாட்டியிருந்தால் கிடையாது. மறைக்கவும் வழியில்லை. வெடித்த கப்பலில் என்னென்ன மாட்டியிருந்தது என்ற பட்டியல் ‘கில்மெயில்’ ஆகக் கொன்றவர் கைக்கே போய்விடும். அதை ஊரறியப் போட்டுச் சிரிக்கிற கூட்டமும் உண்டு.

பழுது பார்க்கிறவர்களை எப்படி முறியடிப்பது? அவர்களுக்கு நேரமே கொடுக்காமல் இருப்பதுதான் வழி. ‘மேல்ஸ்ட்ராம்’ கப்பலில் 1400 மி.மீ. ஆர்ட்டிலரி பீரங்கிகளை மாட்டுவார்கள். நொடிக்கு நொடி பார்த்தால் சுமாரான ஆயுதம்தான். ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு குண்டு மரண அடி. நூறு கப்பல் ஒரே நொடியில் ஒரே இலக்கைச் சுட்டால் லாஜிஸ்டிக்ஸ் ஆள் இலக்கைத் தேடி எடுப்பதற்குள் கதை முடிந்துவிடும். தனியாளுக்கு மோசமான ஃபிட்டிங், நூறு பேருக்கு அருமையான ஃபிட்டிங்.

அப்போ டைட்டன் வைத்திருந்தால் போதாதா?

டைட்டன்தான் இந்த கேமின் ராட்சசன். ஆனால் அதன் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத ‘இன்டர்டிக்டர்’ என்ற சின்னக் கப்பல் ஒரு குமிழியை வீசினால், அதற்குள் இருக்கும் டைட்டன் தாவித் தப்பிக்க முடியாது. துணைக்கு சின்னக் கப்பல்கள் வராத டைட்டன் சிக்கிய யானைதான்.

பி-ஆர்5ஆர்பி-யில் நடந்ததும் ஏறக்குறைய எண்ணிக்கைப் போர். மொத்தம் 7,548 பேர் பங்கெடுத்த அந்தச் சண்டையில் சர்வர் திணறி, கேமின் நேரமே 10 சதவீத வேகத்தில்தான் ஓடியது. ஒரு நிமிட வேலைக்கு 10 நிமிடம். ஒவ்வொரு டைட்டன் விழும்போதும் அந்தப் பக்கத்துக்கு அடுத்த சுற்றில் ஒரு பேராயுதம் குறைந்தது. குறைந்தவர்கள் மேலும் குறைந்தார்கள். 75-ல் 59 டைட்டன்கள் என்3, பண்டெமிக் லீஜன் அணியுடையவை. எதிரில் நின்ற சிஎஃப்சி, ரஷ்யக் கூட்டணி இழந்தது 16.

சர்வரின் தினசரி பராமரிப்பு நேரம் வந்தபோதுதான் சண்டை நின்றது. உடைந்த டைட்டன்களை நினைவுச் சின்னமாக அங்கேயே மிதக்கவிட்டது சிசிபி. அந்த மண்டலத்துக்குப் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம்.