புதுக் கத்தியா? பழைய கத்தியா?

முதல் சவரக்கத்தி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முகத்தில் வைக்கும் கத்தி. கழுத்தில் ஓடும் கத்தி. அதைப் பார்த்து வாங்க வேண்டாமா?

மடக்குச் சவரக்கத்தியைப் பற்றிய சேதி இது.

ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கத்திதான் ஆண்களின் முகத்தை மழித்தது. பிறகு அமெரிக்கரான கிங் ஜில்லெட், தேய்ந்ததும் தூக்கி எறியும் மெல்லிய பிளேடைக் கொண்டுவந்தார். 1903-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி விற்றது 51 ரேசர்கள்தான். அடுத்த ஆண்டே 90 ஆயிரத்துக்கு மேல் விற்றது! மடக்குக் கத்தி ஒதுங்கியது.

ஆனால் மறைந்துவிடவில்லை. இதற்குப் பிளேடு வாங்கும் செலவு இல்லை. ஒழுங்காகப் பேணினால் பேரன் காலத்துக்கும் உழைக்கும். அதனால் இன்றும் இதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. புதிது வாங்குவதா, தாத்தா காலத்துக் கத்தியை வாங்குவதா என்பதுதான் அவர்களுடைய குழப்பம்.

பெயர் பெற்ற ஊர்கள்

பழைய கத்திகளில் இரண்டு ஊர்களின் பெயரை அதிகம் காணலாம். ஒன்று, இங்கிலாந்தில் உள்ள ஷெபீல்டு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, மண் மூசையில் உருக்கி நல்ல எஃகு எடுத்தார். ஷெபீல்டு கத்தித் தொழிலாளர்கள் முதலில் அதை ஏற்கவில்லை. "இது மிகவும் கடினம்" என்று ஒதுக்கினார்கள். பிரான்சு நாட்டார் அதை வாங்கிப் பயன்படுத்திய பிறகுதான் இவர்கள் கண் திறந்தது.

இன்னொன்று, ஜெர்மனியில் உள்ள சோலிங்கன். வாள் செய்து பெயர் பெற்ற ஊர். கண்டவர்களும் அந்த ஊர்ப் பெயரைப் பொறித்து விற்கக் கூடாது என்று 1938-ல் சட்டமே வந்தது.

கத்தியின் வயதை அறிய ஒரு வழி உண்டு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் செய்தது. ஆகவே, கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்ததாக இருக்கும்.

பழைய கத்தியைச் சோதிப்பது எப்படி?

அலகை நகத்தால் மெதுவாகச் சுண்டுங்கள். 'கிண்' என்று ஒலித்தால் நல்லது. மங்கிய ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம்.

கண்ணாடிப் பலகையில் படுக்க வையுங்கள். முதுகும் கூரும் முழுவதும் படிய வேண்டும். ஆடினால் வளைவு இருக்கிறது.

முதுகைப் பாருங்கள். கல்லில் தீட்டும்போது முதுகும் சேர்ந்தே தேயும். கூரின் சாய்வை முடிவு செய்வது முதுகுதான். அது ஓரிடத்தில் அகலமாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தால் வேண்டாம்.

மேல் கறை பாதகமில்லை. கூரை ஒட்டித் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.

தந்தப் பிடி, கொம்புப் பிடி என்று மயங்கவும் வேண்டாம். பிடி உடைந்தால் மாற்றலாம். அலகு கெட்டால் போனதுதான்! செல்லுலாய்டு பிடி நாளாவட்டத்தில் கெட்டு, அதிலிருந்து கிளம்பும் ஆவியே அலகைத் துருப்பிடிக்கச் செய்வதும் உண்டு.

புதுக் கத்தியில் ஏமாற்றம்

புதிது என்றால் துரு இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் பளபளப்பான பெட்டியில் வரும் மலிவுச் சரக்கு உருவத்தில் மட்டுமே சவரக்கத்தி. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நல்ல கத்தியானாலும் சவரத்துக்குத் தயாராகத் தீட்டியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

சோதித்துச் சொல்லத் தெரிந்தவர் துணை இருந்தால் பழைய கத்தி வாங்கலாம். நல்ல எஃகு குறைந்த விலையில் கிடைக்கும். துணை இல்லாதவருக்குப் பெயர் பெற்ற ஊரில் செய்து, தீட்டி வந்த புதுக் கத்தியே மேல்.

எதுவானாலும் நடுத்தர அகலம் போதும். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஐந்து பங்கு. முனை வட்டமாக இருக்கட்டும். கூர்முனை பழகாத கையில் காதையும் மூக்கையும் கீறும்.

கத்தியோடு தோல்வாரும் வாங்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு அதில் முப்பது, நாற்பது முறை தீட்ட வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னே வர வேண்டும். மாறினால் தோல் அறுந்துவிடும். முதல் சில நாட்கள் கன்னத்தில் மட்டும் பழகுங்கள். கழுத்துக்குப் பிறகு வரலாம். சவரம் முடிந்ததும் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, லேசாக எண்ணெய் பூசி வையுங்கள்.

ஒருவர் கத்தி ஒருவருக்கே!

நம் ஊர் சலூன்களிலும் முன்பு நாவிதர் தோல்வாரில் தீட்டிய கத்திதான். இன்று ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிறார்கள். காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் அதன் வழியே பரவக்கூடும்.

ஆகவே, அண்ணன் தம்பியானாலும் கத்தியைப் பங்கு போடாதீர்கள். பழைய கத்தி வாங்கினால், கிருமிநாசினியால் நன்றாகச் சுத்தம் செய்த பிறகே முகத்தில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மடக்கி வையுங்கள்.