படத்தில் வரும் தோட்டமும் நாம் வாழ்ந்த தோட்டமும்



படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் "படம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா ஓடுது" என்பார். கேட்டது ஒன்று, கிடைத்த பதில் வேறு. ஆனாலும் நாம் திருப்தியடைந்து விடுகிறோம். கூட்டம் போகிற படம் நல்ல படம் என்பது நம்மிடையே எழுதாத சட்டம். பரிசு வாங்கிய படமென்றால் அதற்கும் மேலே. படித்தவர்கள் புகழ்ந்துவிட்டார்கள், நமக்கு அதில் என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். நம் பெற்றோர் காலத்தில், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், எம்.ஜி.ஆர். கட்சிக்கும் சிவாஜி கட்சிக்கும் லயத்துக்கு லயம் சண்டை நடக்கும் என்பார்கள். அவர்களாவது வாய்விட்டுப் பேசினார்கள்.

இன்று இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2013-இல் வந்த 'பரதேசி'. விமரிசகர்கள் புகழ்ந்த படம். மற்றொன்று 2016-இல் வந்த 'கபாலி'. பொதுமக்கள் கொண்டாடிய படம். இரண்டும் அவற்றின் தகுதிக்கு மேல் புகழப்பட்டவை என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. இரண்டும் தோட்டத் தொழிலாளியைப் பற்றியவை. அரண்மனைக் கதையில் ராஜா தவறாக நடந்தால் சரிபார்க்க நமக்கு வழியில்லை. தோட்டத்துக் கதைக்கு நீதிபதிகள் நாம்தாம்.

முதலில் 'பரதேசி'யைப் பார்ப்போம். பாலா இயக்கிய இந்தப் படம், பி. எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியான நாவலைத் தழுவியது. 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழாக்கியிருக்கிறார். தமிழ்நாட்டின் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர் டேனியல். கங்காணி ஊருக்கு வருகிறான், முன்பணம் கொடுக்கிறான், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நடக்கிறது, மலையேறிய பிறகு திரும்ப வழியில்லை. இது தேயிலைக் கதை, இந்தியாவில் நடப்பது. ஆனால் ரப்பருக்கு வந்த நம் பாட்டன்மாரும் இதே கங்காணியிடம் இதே முன்பணம் வாங்கித்தான் கப்பல் ஏறினார்கள். அதனால்தான் இங்கே பல வீடுகளில் இந்தப் படத்தைப் பார்த்து அழுதார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்க்கும் காட்சி மிக நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. உழைத்தவனைக் கூப்பிட்டு, அதற்கு இவ்வளவு கழிவு, இதற்கு இவ்வளவு கழிவு என்று சொல்லி, முடிவில் அவன்தான் இன்னும் பாக்கி தரவேண்டும் என்கிறார்கள். தோட்டத்தின் உண்மையான பூட்டு அந்தக் கணக்குப் புத்தகம்தான். சவுக்கைவிட அதுவே பலரைக் கட்டிப்போட்டது. உடைக்கும் இந்தப் படம் தேசிய விருது பெற்றது. அழுக்கும் கிழிசலும் பொய்யாகத் தெரியவில்லை. விருது சரியே.

ஆனால் மற்றவை? கதாநாயகனுக்கு ஊரில் பட்டப்பெயர் 'ஒட்டுப்பொறுக்கி'. அது ஏச்சு. இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் ஒட்டுப் பொறுக்குவது என்றால் மங்கிலும் பட்டையிலும் உறைந்த ஒட்டுப்பாலைச் சேர்ப்பது. பள்ளி விட்டு வந்து தாய்க்கு உதவியாக ஒட்டுப் பொறுக்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தச் சொல் நமக்கு நேர்மையான வேலை. படத்தில் அவன் கோமாளியாகவே பாதிப் படம் திரிகிறான். ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்பாவிகளாக, சற்று அறிவு குறைந்தவர்களாகவே காட்டப்படுகிறார்கள். ஏமாந்தவன் எல்லாம் முட்டாளா? மழை பொய்த்த ஊரில் வயிறு காய்ந்தவனுக்குக் கங்காணி பொய் சொல்கிறான் என்று தெரிந்தாலும் வேறு வழி இருந்ததா? தெரிந்தே ஏறியவர்களும் அந்தக் கப்பல்களில் இருந்திருப்பார்கள்.

அடுத்து மருத்துவர். நாவலை எழுதியவரே தோட்டத்து மருத்துவர். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர். படத்திலோ மருத்துவம் பார்க்க வருகிறவர் ஆட்டமும் பாட்டும் மதப் பிரசாரமுமாக ஒரு கேலிச் சித்திரம் ஆகிவிடுகிறார். கதை கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதையாக எனக்கு அது படவில்லை.

இவற்றை எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவுதான் பெரிய குறை. மனைவியும் பிள்ளையும் அதே நரகத்துக்கு வந்து சேர, கதாநாயகன் மலையில் அமர்ந்து கதறுகிறான். படம் அங்கே நிற்கிறது. அழுகை உண்மைதான், யார் மறுப்பார்? ஆனால் அழுதவர்கள் அழுதபடியே இருந்துவிடவில்லை. இந்தியாவில் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவை முதலாளியின் கடமை என்று அது எழுதி வைத்தது. சட்டம் வானத்திலிருந்து விழாது. யாரோ கூடிப் பேசினார்கள், யாரோ வேலை இழந்தார்கள், யாரோ சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவரின் நிழல்கூடத் திரையில் விழவில்லை.

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதை நிறுத்தியது. 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். கோரிக்கைகள் என்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியைத் தமிழனுக்கும் தர வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்த்துப் போக உரிமை வேண்டும். இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள்.

நேயர்களே, இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறங்காமல் போவதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. கம்பெனிக்கு நட்டமும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்க வேண்டியிருந்தது, அதற்கும் எதிர்ப்பு இருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளிகள் மேலும் கொதித்தார்கள். சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். வந்த பட்டாளமும் இந்தியச் சிப்பாய்களே. ஐந்து தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மண் பாதையில் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு துரையைக் கடந்து போகிறான், இறங்கவில்லை. அந்த ஒரு காட்சி எந்தப் பெரிய படத்தில் வந்திருக்கிறது?

இப்போது 'கபாலி'க்கு வருவோம். பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2016 ஜூலையில் வெளியானது. நம் நாட்டில் பல நாள் தங்கிப் படமெடுத்தார்கள். விமானத்தின்மேல்கூடக் கதாநாயகன் படம் வரைந்து பறக்கவிட்டார்கள். அதற்கு முன்பும் தமிழ்நாட்டுப் படங்கள் இங்கே எடுக்கப்பட்டதுண்டு. 'உலகம் சுற்றும் வாலிபன்', 'ப்ரியா' போன்ற படங்களுக்கு நம் நாடு அழகான பின்னணி, அவ்வளவே. கபாலியில்தான் மலேசியத் தமிழன் கதைக்குள் வந்தான். அந்த மகிழ்ச்சி நியாயமானது, நானும் அதில் பங்கு கொண்டவன். சிறையிலிருந்து வெளிவரும் கபாலி கையில் புத்தகத்தோடு அறிமுகமாகிறான். 'என் தந்தை பாலய்யா' என்ற அந்தப் புத்தகம், ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பம் கல்வியால் எழுந்த உண்மை வரலாறு. ஆசிரியர் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்தக் காட்சி பிடிக்காமல் போகுமா? கோட்டு அணிவதற்குக் கபாலி கூறும் காரணமும் எனக்கு உடன்பாடே.

பிறகு ஏன் குறை சொல்கிறேன்? "இது நம் வரலாறு" என்று சொன்னார்களே, அதனால்தான்.

கணக்காசிரியர் போல ஒரு கணக்குப் போடுவோம். கபாலி 25 ஆண்டு சிறையிலிருந்து வருகிறான். அப்படியானால் அவன் உள்ளே போனது 1990-ஐ ஒட்டி. தோட்டத்தில் சமச்சம்பளம் கேட்டு முழங்கியது அதற்கும் முன்னால். 1954-லேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டுவிட்டது, பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். கபாலி பேசும் காலத்தில் மாதச் சந்தா கட்டி ரசீது வாங்கிய அப்பாக்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தார்கள். சங்கத்தைப் பற்றி நூறு குறை சொல்லலாம். சம்பளம் போதவில்லை, தலைவர்கள் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று அக்காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. அதையே கதையாக்கியிருந்தால் எவ்வளவு நல்ல படமாயிருக்கும்! படத்தில் சங்கத்துக்கு வேலையே இல்லை. தோட்டத்துப் போராட்டம் சில நிமிடம் வந்து போகிறது. அடுத்து தலைவர், தலைவருக்குப் பின் கபாலி, பிறகு துப்பாக்கி, கார், எதிரிக் கும்பல், உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் சண்டை. அந்தத் தலைவருக்குத் தமிழ்நேசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாதன் பணிபுரிந்த பத்திரிகையின் பெயர்! அந்தப் பத்திரிகையும் 2019-இல் நின்றுபோனது, அது வேறு துயரம்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்காகப் பாடுபட்டவர் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன் 'கபாலி' என்று எழுதினான். கேலிக்கு எழுதவில்லை. பிறந்த ஊர் கெடா என்று வேறு எழுதியிருந்தான். அவனுடைய தாத்தா முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், வீட்டில்தான் இருக்கிறார்.

படத்தில் குண்டர் கும்பலின் தலைவனே காவலன். நல்ல கும்பல், கெட்ட கும்பல் என்று இரண்டு பிரிவு. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துப் புறம்போக்கில் ஒதுங்கிய பிறகு, நம் பையன்களை இழுத்துக்கொண்ட கும்பல்களில் எது நல்ல கும்பல்? எந்தத் தாயைக் கேட்டாலும் பதில் சொல்வாள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்த படம், நம் திரையரங்குகளில் கபாலி காவல் துறையிடம் சரணடைந்தான் என்ற எழுத்துகளோடு முடிந்தது. நம் கதை என்றார்கள், நமக்கென்று வந்தது அந்த ஒரு வரி.

ஆக, ஒரு படத்தில் தொழிலாளி அழுகிறான். மற்றதில் அவனுக்காக ஒருவன் சுடுகிறான். இரண்டிலும் அவனாக எதுவும் செய்வதில்லை. இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

கபாலிக்கு ஏழெட்டு மாதம் முன்னால், 2015 டிசம்பரில், நம் நாட்டுப் படம் ஒன்று வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. பெரிய நடிகர் இல்லை, விமானமும் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், படி படி என்று அடிக்கும் அப்பா, கும்பலில் சேர்ந்த சிற்றப்பா. கும்பல் எப்படி ஒரு பிள்ளையின் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது என்பதை அது பொறுமையாகக் காட்டுகிறது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வு பெற்றது. தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்க முதலில் ஏற்பாடு செய்தபோது மலாய்க் கலைஞர்களே முன்வந்து எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் வரும் பள்ளிக்கூடக் காட்சிகள் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தன. பேச்சும் சற்றுக் கரடுமுரடு, சின்னப் பிள்ளைகள் தனியே பார்க்க வேண்டாம், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அதை எத்தனை பேர் திரையரங்கில் பார்த்தோம்?

அந்தப் பையனுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன், வகுப்பு முழுவதற்கும் அதே வேலை. தோட்டத்தில் சங்கச் சந்தா வசூலித்தவர் யார்? எப்போதாவது வேலைநிறுத்தம் செய்தீர்களா? அப்போது வீட்டில் என்ன சமைத்தீர்கள்? மறுவாரம் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒரு சிறுமியின் பாட்டி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பதினொரு நாள் யாரும் பிரட்டுக்குப் போகவில்லை, மரவள்ளிக் கிழங்கைத்தான் எல்லா வீட்டிலும் அவித்தார்கள், எட்டாம் நாள் கிராணி வந்து கூப்பிட்டபோது பெண்கள்தாம் முதலில் வாசலை விட்டு நகர மறுத்தார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்துக்கு மேல் போயிருந்தது. நான் கேட்டது பத்து வரி.