கைத் தழும்பும் செங்கற்பட்டு ஆய்வும்

மாணவர்களே! உங்கள் இடது மேற்கையைப் பாருங்கள். உங்களுள் பலருக்கு அங்கே சிறு வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் அடையாளம் அது. இந்த ஊசி பெரியோரின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தமிழ்நாட்டில் நடந்த ஒரு பேராய்வே காட்டியது. அப்படியாயின் இன்றும் அதை ஏன் போடுகிறார்கள்?

பிரான்சு நாட்டின் கால்மெட், கெரென் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, வலுவிழக்கச் செய்து இதனை உருவாக்கினர். 1921-இல் இது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1950-இல் மாணவரிடையே தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது. அமெரிக்காவின் தென்பகுதியிலோ பலன் மிகக் குறைவு. நம் நாட்டில் எப்படி?

ஆய்வு நடந்த முறை

இராஜபாளையத்தில் எல்லோருக்கும் ஊசி போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவருக்கும் போடாமல் விட்டு, பிறகு நோயாளிகளை எண்ணினால் போதாதா? போதாது. ஒன்று நூற்பாலைகள் நிறைந்த ஊர். மற்றொன்று கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். தொழில், வீடு, நெருக்கம் எல்லாம் வேறுபடலாம். நோய் குறைந்தது ஊசியாலா, ஊராலா என்று எப்படிச் சொல்வது?

ஆகவே செங்கற்பட்டில் ஒவ்வொருவருக்கும் எந்த ஊசி என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா வெற்றூசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோயைக் கண்டறிபவருக்கும் தெரியாது. 1968 முதல் 1971 வரை சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. 1979-இல் முதல் முடிவு வந்தது: பாதுகாப்பு இல்லை! 15 ஆண்டுகள் கண்காணித்த பின்னும் பெரியோருக்குப் பலன் தென்படவில்லை. சிறுவரிடம் 27 விழுக்காடு தெரிந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடிய அளவே.

மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் நம் உடலை முன்பே பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் மறைகிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

ஊசியைக் கைவிடுவதா?

அம்மீட்டர் மின்னோட்டத்தைக் காட்டும். மின்னழுத்தத்தை அதனிடம் கேட்கலாகாது. செங்கற்பட்டு ஆய்வு அளந்தது நுரையீரல் காசநோயை. பச்சிளங் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது அளக்கவில்லை. இவை குறைவாகவே வரும். வந்தால் உயிரைப் பறிக்கும், அல்லது ஊனமாக்கும். இவற்றை இவ்வூசி தடுப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டின. பிற்காலக் கணக்கீடுகளின்படி அப்பாதுகாப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல்.

இனி எடைபோடுங்கள். ஊசியின் விலை குறைவு; கடுந்தீங்கு அரிது. தொடர்ந்தால் இழப்பு சிறிது. நிறுத்தினால் குழந்தைகள் இறக்க நேரும். எனவேதான் 1980-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு, குழந்தைகளுக்கு இதைத் தொடரலாம் எனப் பரிந்துரைத்தது. இந்தியாவும் தொடர்ந்தது.

ஆனால் செங்கற்பட்டு முடிவு வீணாகவில்லை. பெரியோரிடையே நோயை ஒழிக்க, நோயாளியை விரைவில் கண்டறிந்து மருந்து கொடுப்பதே வழி என்பதை அது வலியுறுத்தியது. தழும்பு இருக்கிறதே என்று வாளாவிருக்க வேண்டாம். வீட்டில் எவருக்கேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.